காலி பாட்டில் வைப்புத்தொகைத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கண்காணிக்கிறார்கள்?

பானம் வாங்குபவர் பாட்டிலுக்காகக் கட்டும் வைப்புத்தொகை வருமானமல்ல, காலி பாட்டில் திரும்பியதும் திருப்பித் தரவேண்டிய கடன். திட்டம் ஓடுவது தயாரிப்பாளர் கட்டணத்திலும், திரும்பிய அலுமினியம், பெட் பிளாஸ்டிக் விற்ற காசிலும். உடைந்த கண்ணாடிக்கு விலை குறைவு, எடையோ அதிகம். அதனால் அதற்குக் கட்டணம் பெரும்பாலும் கூடுதல்.

பணம் வரும் மூன்றாவது வழி, யாரும் திரும்பக் கேட்காத வைப்புத்தொகை. சிக்கலே இங்குதான். ஜெர்மனியில் இது பானத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்களிடமே தங்கிவிடுகிறது. பாட்டில் குறைவாகத் திரும்பினால் அவர்களுக்கு லாபம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 75% அரசுக்கு, 25% கடைகளுக்கு. என் கருத்தில், இத்தொகை திட்டத்துக்குள்ளேயே செலவாக வேண்டும்.

திட்டத்தை நடத்துபவர்கள் பாட்டில் மீட்பு இலக்கை எட்டாவிட்டால் அபராதம் விதிக்கும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு இருக்க வேண்டும். விற்ற எண்ணிக்கையையும் திரும்பிய எண்ணிக்கையையும் வெளித் தணிக்கையாளர் பார்கோடு வாரியாக ஒப்பிட வேண்டும். எண்ணியவுடன் நசுக்காவிட்டால் ஒரே பாட்டிலுக்கு இரண்டு முறை பணம் போகும்.