கிரவல் ஒழுங்கைக்கும் வாய்க்கால் கட்டுக்கும் ஏற்ற பிள்ளை வண்டி எது?

கேள்வி: எங்கள் வீடு முத்தையன்கட்டு இடதுகரைப் பக்கம். மகனுக்கு 9 மாதம், நிறை எட்டரைக் கிலோ. பின்னேரங்களில் அவனைத் தள்ளுவண்டியில் வைத்து அம்மா வீட்டுக்குப் போய்வருவேன். முதலில் கிரவல் ஒழுங்கை, பிறகு வாய்க்கால் கட்டு, கடைசியில் கொஞ்சம் தார் வீதி. இப்போது இருக்கிற வண்டியின் முன்சில்லு கல்லில் முட்டி அப்படியே நின்றுவிடுகிறது, பிள்ளை முன்னுக்குச் சரிகிறான். கனடாவில் இருக்கும் அண்ணா நல்லதாக ஒன்று அனுப்பலாம் என்கிறார். மூன்று சில்லா, நான்கு சில்லா? காற்றடிக்கிற ரயரா, கட்டி ரப்பரா? அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: சில்லின் அளவை முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கடை வண்டிகளின் முன்சில்லு வழக்கமாக 6 அங்குலம், அதாவது 15 சென்ரிமீற்றர் விட்டம். அது 3 சென்ரிமீற்றர் உயரக் கல்லில் ஏற வேண்டுமானால், அந்தச் சில்லின் மேல் இருக்கும் பாரத்தைப் போல ஒன்றேகால் மடங்குக்கும் கூடுதலான விசையோடு தள்ள வேண்டும். முன்சில்லில் 6 கிலோ பாரம் என்றால் கிட்டத்தட்ட 8 கிலோத் தள்ளு. அதே கல்லில் 12 அங்குலச் சில்லு ஏற நாலரைக் கிலோ போதும். பிள்ளை சரிவதும் இதனால்தான்: வண்டி நின்றுவிடுகிறது, நீங்கள் தள்ளிய வேகம் பிள்ளையில் மிஞ்சி நிற்கிறது. கல்லைக் கண்டு வேகமாகத் தள்ளி ஏற்றப் பார்ப்பது இதை இன்னும் மோசமாக்கும். புது வண்டி வரும்வரை, கைபிடியைக் கீழே அமர்த்தி முன்சில்லைத் தூக்கிக் கடவுங்கள்.

ஆகவே பின்சில்லு 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, முன்சில்லும் அதே அளவாக இருந்தால் நல்லது. பின்னால் 12, முன்னால் 8 என்று வரும் வண்டிகளை ‘எந்தத் தரைக்கும் ஏற்றது’ என்று விற்பார்கள். பூங்காப் புல்லுக்கு அது சரி, கிரவலில் முட்டுவது முன்சில்லுதானே.

ரயரில் எங்கள் தெரிவு காற்றடிக்கிறதுதான். கட்டி ரப்பரும் நுரை அடைத்த ரயரும் முள்ளுக்குப் பயப்படாது, உண்மை. ஆனால் கிரவலின் அலையலையான மேடுபள்ளத்தில் ஒவ்வொரு அதிர்வையும் அவை அப்படியே மேலே ஏற்றிவிடும். எடை குறைந்த ஈ.வி.ஏ. நுரைச் சில்லாக இருந்தால் கூர்க்கல் அதன் மேற்பரப்பைத் துண்டு துண்டாகப் பிய்க்கும். பிய்ந்த சில்லை ஒட்டவும் முடியாது, இங்கே மாற்றுச் சில்லும் கிடைக்காது. காற்று ரயருக்கு எந்தச் சந்தியிலும் ஒட்டுப் போடலாம். சந்திச் சைக்கிள் கடையில் திருத்த முடியாத வண்டி எவ்வளவு விலையானாலும் உங்களுக்கு உதவாது.

அந்தச் சைக்கிள் கடை கைகொடுக்க ஒரு நிபந்தனை உண்டு. ரயரின் பக்கத்தில் 12½ × 2¼ என்றோ, 57-203 அல்லது 62-203 என்றோ பொறித்திருக்க வேண்டும். கடைசியில் வரும் 203தான் முக்கியம். சின்னப் பிள்ளைகளின் 12 அங்குலச் சைக்கிளுக்கும் அதே றிம் அளவு என்பதால் ரயர், ரியூப் இரண்டையும் இங்கேயே வாங்கலாம். 10 அங்குல முன்சில்லு என்றால் ரியூப் தேடி அலைய வேண்டி வரும். வால்வையும் கவனியுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளுக்கு வருகிற வால்வுதான், சாதாரணச் சைக்கிள் பம் அதற்குப் பொருந்தாது. சின்னச் சில்லுக்குள் பம்மின் வாய் நுழைய இடமும் போதாது. வளைந்த கழுத்துள்ள வால்வு நல்லது. அண்ணாவிடம் இரண்டு ரியூப்பும் ஒரு சின்னக் கைப்பம்மும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் கடைக் கொம்பிரஸரில் பிடிக்கக் கொடுக்காதீர்கள். இவ்வளவு சின்ன ரியூப் கண் இமைக்கும் நேரத்தில் நிரம்பி வெடிக்கும், பிளாஸ்டிக் றிம்மும் கூடப் பிளக்கலாம். ரயரில் பொறித்திருக்கும் பி.எஸ்.ஐ. எண், அதாவது காற்றழுத்த அளவு, மேல் எல்லை. இவ்வகை ரயர்களில் பெரும்பாலும் 30 அல்லது 35. வண்டிக் கையேடு அனுமதித்தால் கிரவலுக்கு 20 அளவு போதும். விரலால் அமத்தினால் சற்றே உள்வாங்க வேண்டும், கல்லுப்போல் இருக்கக் கூடாது.

மூன்றா நான்கா என்பதற்கு: உங்கள் பாதைக்கு மூன்று. மூன்று சில்லும் எந்தப் பள்ளத்திலும் ஒருசேர நிலத்தைத் தொடும். நான்கில் ஒன்று அந்தரத்தில் நிற்க, வண்டி ஆடிக்கொண்டே போகும். மூன்றின் குறை பக்கவாட்டில்தான்: சரிவான கட்டில் சட்டென்று திருப்பினால் கவிழ்வது சுலபம். அதனால் இருக்கை தாழ்வாகவும், பின்சில்லுகளுக்கு இடையில் 60 சென்ரிமீற்றராவது அகலமாகவும் இருக்கட்டும். வாங்க முன் படலையின் அகலத்தையும் அளந்து வையுங்கள். லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) உழுதுவிட்ட தடத்தில் ஒரு பின்சில்லை இறக்கி மற்றதை நடுத்திட்டியில் வைத்துத் தள்ளாதீர்கள். முழு வண்டியையும் நடுத்திட்டியில் ஏற்றுங்கள், அல்லது கரைக்கு எடுங்கள்.

முன்சில்லு சுழலக்கூடியதாகவும் பூட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கிரவலிலும் மணலிலும் பூட்டியே தள்ளுங்கள். பூட்டாத சில்லு மணலில் குறுக்கே திரும்பிக் கலப்பை மாதிரி உழும். தார் வீதிக்கு வந்ததும் திறந்துவிடலாம்.

பின்னால் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். கைபிடியின் மேல் கையை ஊன்றி அமத்தும்போது 2, 3 சென்ரிமீற்றர் இறங்கி, விட்டதும் ஒரே தரத்தில் எழும்பி நிற்க வேண்டும். துள்ளிக்கொண்டே இருந்தால் அந்த ஸ்பிரிங் பிள்ளையை ஊஞ்சலாட்டத்தான் உதவும். கைபிடியின் இரு முனைகளையும் பிடித்து ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் முறுக்கிப் பாருங்கள். மடிப்பு மூட்டில் ‘கடக்’ என்று சத்தம் வந்தால் கிரவலில் அந்த இடம்தான் முதலில் தளரும். மாரிக்கு இன்னொன்று: ரயருக்கும் பிரேமுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இல்லையென்றால் களிமண் அப்பிச் சில்லைச் சுற்றவே விடாது.

வாய்க்கால் கட்டு என்பதால் பிரேக்கில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரே மிதியில் இரண்டு பின்சில்லும் பூட்ட வேண்டும். கைப்பிரேக்கும் இருந்தால் கட்டில் இறங்கும்போது பெரிய உதவி. கைபிடியில் மணிக்கட்டு வார் இருக்கும். பலர் அதை அலங்காரமாகத் தொங்கவிடுகிறார்கள். கட்டில் ஏறுமுன் கையில் மாட்டுங்கள். நின்று கதைக்க நேர்ந்தால் வண்டியைத் தண்ணீரைப் பார்க்க நிறுத்தாமல் கட்டின் நீளவாட்டில் நிறுத்தி, பிரேக் போட்டு, கையையும் எடுக்காமல் நில்லுங்கள்.

ஐந்து முனை பெல்ட் கட்டாயம்: தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவில் ஒன்று. தோள் பட்டி பிள்ளையின் தோள் மட்டத்தில் வரட்டும், பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தால் இறுக்கம் சரி. 9 மாதத்தில் தானாக நிமிர்ந்து இருக்கிற பிள்ளைக்கு நடை வேகத்தில் இந்தப் பாதை சரிவரும். ஆறு மாதத்துக்குக் குறைந்த, தலை நிலைக்காத பிள்ளையை இப்படிப் பாதையில் இருத்தித் தள்ளவே கூடாது.

அண்ணா பழைய வண்டி வாங்குவதானால், பிரேமில் ஒட்டியிருக்கும் லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஈ.என். 1888 (ஐரோப்பா) அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப்833 (அமெரிக்கா) என்ற பாதுகாப்புத் தர எண் இருக்கிறதா, எத்தனை கிலோப் பிள்ளை வரைக்கும் என்று பாருங்கள். மொடல் எண்ணை வைத்து ஹெல்த் கனடாவின் மீளழைப்புப் பட்டியலில் அவரே தேடலாம். மூன்று சில்லு வண்டிகளில் தட்டிக் கழற்றும் முன்சில்லு சரியாக இறுகாமல் ஓடும்போது கழன்று விபத்துகள் நடந்திருக்கின்றன. அந்தச் சில்லைப் பூட்டும் நெம்பை மூடும்போது உள்ளங்கையில் அச்சுப் பதிகிற அளவு இறுக்கம் வேண்டும். ஒவ்வொரு முறையும் புறப்பட முன் முன்சில்லை ஒருக்கால் தூக்கி இழுத்துப் பாருங்கள். ரயர்ப் பக்கத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் ரயர் காய்ந்துவிட்டது, புது ரயரையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

முள் விடயம். வேலிக்கு வெட்டிய விடத்தல் கொப்பு கிடக்கிற ஒழுங்கையில் எந்த ரியூப்பும் தப்பாது. பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாட்டில் பிளந்து, ரயருக்கும் புது ரியூப்புக்கும் நடுவில் ஒரு சுற்று விரித்துவிடுங்கள். ஒட்டுப் போடும் தடவைகள் நன்றாகக் குறையும். ஒட்டுப் போடக் கழற்றும்போது திருகாணிச் சாவியால் நெம்பினால் பிளாஸ்டிக் றிம் உடையும். காற்றை முழுக்க இறக்கி, ரயரைச் சுற்றிவரக் கையால் அமத்தி றிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால், கரண்டிக் காம்பு ஒன்றே போதும். முள் ரயருக்குள்ளேயே முறிந்து நிற்கும், அதை எடுக்காமல் ஒட்டினால் பத்து அடி போகுமுன் திரும்பவும் காற்றுப் போகும். வெறும் விரலால் தடவாமல் துணித் துண்டால் உட்புறத்தைத் துடையுங்கள், முள் இருக்கிற இடத்தில் துணி சிக்கும்.

வெயிலுக்காக வண்டியைத் துணியால் மூடுகிற பழக்கம் வேண்டாம். உள்ளே காற்றோட்டம் நின்று வெக்கை ஏறும். முன்னுக்கு இழுத்துவிடக்கூடிய, வலைச் சாளரமுள்ள கூரை போதும். அம்மா வீட்டிலிருந்து வரும் தேங்காய்ப் பை, மாம்பழப் பையைக் கைபிடியில் தொங்கவிடாதீர்கள். பிள்ளையைத் தூக்கிய அந்த நிமிடமே வண்டி பின்னுக்குக் கவிழும். பை கீழ்க் கூடைக்குள், அதுவும் அதில் எழுதியிருக்கிற கிலோவுக்குள்.

கழுவிய பிறகு அச்சுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் செம்மண் தூசி அதில் ஒட்டிப் பிசினாகிச் சில்லு இறுகிவிடும்.