சவரக்கத்திக்கு பெல்ட் கிரைண்டர்: வாங்குவதா, கட்டுவதா?

குடியாத்தம் வாசகர் ஒருவரின் கேள்வி: "மூன்று வருடமாக அரமும் கைக் கிரைண்டரும் வைத்து சமையல் கத்தி செய்கிறேன். இனி சவரக்கத்தியும் செய்ய ஆசை. ஒரு அங்குல பெல்ட் ஓடும் சின்ன மிஷின் வாங்கலாமா? மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார், அவர் உதவியோடு பெரியதாக நானே கட்டலாமா? வீட்டில் சிங்கிள் பேஸ் லைன்தான்."

மாமாவிடமே லேத் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கட்டுங்கள். சின்ன மிஷினில் 25 மி.மீ. அகல, 762 மி.மீ. நீள உப்புத்தாள் பெல்ட் ஓடும். சாணை பிடிக்கவும் கைப்பிடியை உருட்டவும் அது போதும். கொஞ்சம் அழுத்தினால் மோட்டார் திணறும், பெல்ட் குட்டை என்பதால் சீக்கிரம் சூடேறும். நீங்கள் கட்டவேண்டியது 50 மி.மீ. அகலம், 1830 மி.மீ. நீள பெல்ட்டுக்கான மிஷின். கத்தி செய்கிறவர்கள் அதிகம் பிடிக்கும் அளவு அதுதான். பெல்ட்டிலும் எல்லா ரகமும் வருகிறது.

ஃபிரேம் பெரிய விஷயம் இல்லை. 50 மி.மீ. சதுரக் குழாய், சுவர் 4 மி.மீ. என்றால் உள்ளே 42 மி.மீ. இருக்கும், சக்கரத்தைத் தாங்கும் 40 மி.மீ. குழாய் அதற்குள் வழுக்கிப் போகும். உள்பக்கம் வெல்டிங் தையல் துருத்திக்கொண்டிருந்தால் ராவிவிடுங்கள்.

உயிர் இருப்பது, அலகை அழுத்தும் இடத்தில் பெல்ட்டுக்குப் பின்னால் சுற்றும் சக்கரத்தில். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் கருக்கும் (வெட்டும் ஓரம்) சேர்ந்தே கல்லைத் தொடும். அதனால் கருக்கின் கோணத்தை முதுகின் தடிமனே முடிவு செய்துவிடுகிறது. அலகின் அகலம் 20 மி.மீ., முதுகு 6 மி.மீ. என்றால் கோணம் 17 டிகிரி. நடுவில் இருக்கும் சதையைக் குழிவாக எடுப்பதுதான் சக்கரத்தின் வேலை. 18 மி.மீ. அகலத்துக்குக் குழி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 200 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு பக்கத்தில் 0.4 மி.மீ. ஆழம்தான் எடுக்கும், 100 மி.மீ. சக்கரம் 0.8 மி.மீ. எடுக்கும். சவரக்கத்திக்கு 100 மி.மீ. சக்கரம் ஒன்று கட்டாயம் வேண்டும். சமையல் கத்திக்கு, சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் தட்டையான இரும்புத் தகடு போதும்.

இந்தச் சக்கரத்துக்கு ரப்பர் போடவேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலை மிஷின்களுக்கு ரோலர் ரப்பர் போடுகிறவர்களிடம் விசாரியுங்கள். ரப்பர் போட்டு வந்த பிறகு, சக்கரத்தை அதன் பேரிங்கிலேயே மாட்டி மாமாவைக் கடைசல் பிடிக்கச் சொல்லுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மெல்லிய அலகில் அலை அலையாகத் தெரியும்.

அப்புறம் மோட்டார். 1.5 எச்.பி., நிமிடத்துக்கு 1440 சுற்று, த்ரீ பேஸ் மோட்டார் வாங்கி வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை ஏற்றி இறக்கும் மின்னணுப் பெட்டி) வழியாக ஓட்டுங்கள். சிங்கிள் பேஸ் 230 வோல்ட் உள்ளே போய், த்ரீ பேஸ் 230 வோல்ட்டாக வெளியே வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் இந்த அளவு மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியது (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று காயிலையும் இணைக்கும் இரண்டு முறைகள்). அப்படியே மாட்டினால் வலுவே இருக்காது. டெல்டாவாக மாற்ற ஆறு முனையும் வெளியே இருக்கவேண்டும். மூன்றுதான் வந்திருக்கிறது என்றால் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்துப் பிரித்து எடுங்கள்.

மோட்டாரில் மாட்டி பெல்ட்டை ஓட்டும் சக்கரம் 150 மி.மீ. வையுங்கள். வி.எஃப்.டி.யில் 50 ஹெர்ட்ஸ் வைத்தால் பெல்ட் வினாடிக்கு 11 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். இரும்பைத் தின்ன அது போதும். 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 4.5 மீட்டர். தோய்ச்சல் போட்ட (சூடேற்றி முக்கிக் கடினமாக்கிய) சவரக்கத்திக்கு இந்த வேகம்தான். அந்த வேகத்தில் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் சூடேறும், தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

என் முதல் சவரக்கத்தி முழு வேகத்தில் போனது. கருக்கு ஓரம் முதலில் வைக்கோல் நிறம், கண் இமைக்கும் முன் ஊதா, அப்புறம் நீலம். அலகை ஏறக்குறைய 200 டிகிரியில் பதப்படுத்தியிருந்தேன். நீலம் வந்தால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நீலம் ஏறிய இடத்தில் பதம் போய்விட்டது, மறுபடி தோய்ச்சல் போடாமல் அதை மீட்க முடியாது. இரண்டு நாள் உழைப்பு, ஒரு நொடி. அன்றிலிருந்து வெறும் விரலால்தான் பிடிக்கிறேன். விரல் சுட்டால் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் வாளிக்குள் அலகு போய்விடும். கையுறை போட்டால் சூடு தெரியாது, பெல்ட் இழுத்தால் கையையும் சேர்த்து இழுக்கும். தேய்ந்த பெல்ட்டை வைத்து அழுத்தாதீர்கள், சூடு வருவது பெரும்பாலும் அதனால்தான்.

வி.எஃப்.டி.யை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். இரும்புத் தூள் உள்ளே போனால் ஷார்ட் ஆகும். மாஸ்க், கண்ணாடி இல்லாமல் ஸ்விட்சைத் தொடவேண்டாம். மரக் கைப்பிடி தேய்த்த தூளைக் கூட்டி அள்ளிய பிறகுதான் இரும்பை வையுங்கள், பொறி பட்டால் அது உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.