அசிட்டுக்கு முன்னம் காஸ்டிக்

தண்ணி சுத்திகரிக்கிற ஆர்.ஓ. மெசினின்ர மெம்பிரேனை, அதாவது தண்ணியை வடிக்கிற சவ்வை, முதலில காஸ்டிக் சோடாவால கழுவுங்கோ, பிறகுதான் அசிட். 15 நாளைக்கு ஒருக்கா அசிட் விட்டும் ரெண்டே நாளில ஆர்.ஓ. தண்ணி குறையுது எண்டுறீங்கள். அப்ப அது வெறும் சுண்ணாம்பில்லை, கிருமிப்படலம். அசிட் அதைக் கரைக்காது, இன்னும் இறுக்கிப்போடும்.

யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறதால எல்லாரும் முதல் சுண்ணாம்பைத்தான் நினைப்பினம். கழட்டிப் பாருங்கோ. முதலாவது மெம்பிரேனின்ர வாய்ப்பக்கம் விரலுக்கு வழுவழுத்து நாறினால் கிருமி. கடைசி மெம்பிரேன் சொரசொரத்தால் சுண்ணாம்பு.

காஸ்டிக்கை ஆர்.ஓ. தண்ணியிலயே கரையுங்கோ. கிணத்துத் தண்ணியில போட்டால் பால் மாதிரி வெளுக்கும், அந்தச் சுண்ணாம்பே உள்ளுக்குப் போய் அடைக்கும். பி.எச். (காரத்தின்ர அளவு) 12, சூடு 35 பாகை செல்சியஸ்; தாண்டவேண்டாம். கரைசலை மெம்பிரேனுக்குள்ளால சுத்தி ஓடவிட்டு, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, திரும்பச் சுத்தவிடுங்கோ. அசிட்டுக்கு முன்னம் நல்லா அலசவேணும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

கிருமி பலவேளை மெம்பிரேனுக்கு முன்னால இருக்கிற காபன் (கரி) பில்டரிலயிருந்து வரும். குளோரீனை அது பிடிச்சிடும், அதுக்குப் பிறகு கிருமிக்கு அதுதான் வீடு. பழைய கரியெண்டால் மாத்துங்கோ.

கிருமிதானே எண்டு பிளீச்சிங் தண்ணியை மட்டும் மெம்பிரேனுக்குள்ள விட்டிடாதேங்கோ. மெம்பிரேனின்ர பொலியமைட் (ஒருவகை பிளாஸ்டிக்) படை குளோரீனைத் தாங்காது. பழுதானால் புதுசுதான் வாங்கவேணும்.