பவளத் தொட்டிக்கு எத்தனை மணி நேரம் விளக்கு, எத்தனை வேளை தீனி?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்கள், காளான் பவளம், பட்டன் பவளம், ஒரு ஹேமர் பவளம். காலை 7 மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது விளக்கைப் போட்டால் இரவு 11 மணிக்குத்தான் அணைப்போம். மீன்களுக்கு மூன்று வேளையும் தீனி போடுகிறோம். இப்போது மணலில் பழுப்புப் படலம், கல்லெல்லாம் முடி போன்ற பச்சைப் பாசி. வெளிச்சம் போதவில்லை என்கிறார் கடைக்காரர். 850 வெள்ளி (ரிங்கிட்) விளக்கு ஒன்றும் பாசிக்கொல்லி மருந்தும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா ஐயா?
(வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பாசியை வளர்த்தது 16 மணி நேர வெளிச்சமும் தேவைக்கு மேற்பட்ட தீனியும்தான். அதன்மேல் இன்னும் வலுவான விளக்கைக் கொண்டுவந்து வைத்தால் பாசி இன்னும் செழிக்கும்.

பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி, ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கிறது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் கிடைக்கும் ஒளி அதற்குப் பயன்படாது. மிச்சமெல்லாம் கல்லிலும் கண்ணாடியிலும் படரும் வேண்டாத பாசிக்குத்தான் போகிறது. நம் நாட்டுக் கடலிலேயே பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அதிலும் வெயில் கடுமையாக இருப்பது நடுவில் சில மணி நேரமே.

நண்பகல் 12 மணிக்கு நீல விளக்கை மட்டும் போடுங்கள். 2 மணிக்கு வெள்ளையும் சேரட்டும். இரவு 8 மணிக்கு வெள்ளையையும் 10 மணிக்கு நீலத்தையும் அணைத்துவிடுங்கள். மாலையில் வீடு திரும்புகிறவர்கள் ஆசை தீரப் பார்க்கலாம். பகல் எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பது பவளத்துக்குப் பெரிதல்ல, தினமும் அதே நேரத்தில் தொடங்க வேண்டும் என்பதே முக்கியம். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி வயர் இல்லாத விளக்கு என்றால் பிற்பகல் 1 முதல் இரவு 9 வரை போதும். ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தால் திரை போடுங்கள்.

கையால் போட்டு அணைப்பது நிலைக்காது, டைமர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உப்புநீர் தெறிக்கும் இடத்தில் முத்திரையில்லாத மின்சாதனத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சக்கரம் சுற்றும் டைமர், மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் தடைபட்டால், நீங்கள் கவனித்துச் சரிசெய்யும் வரை தொட்டியில் விளக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகவே எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு அந்தத் தொல்லை இல்லை.

உங்களிடம் இருக்கும் மூன்று பவளங்களும் மிதமான ஒளியில் வாழ்பவை. வலுவான விளக்கு அக்ரோபோரா போன்ற கடினப் பவளம் வளர்ப்பவர்களுக்குத் தேவை. திடீரென்று ஒளியைக் கூட்டினால் பவளம் தன்னுள் இருக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும், பல நேரங்களில் செத்தும் போகும். பின்னாளில் விளக்கை மாற்ற நேர்ந்தால் பாதி வலுவில் தொடங்கி வாரா வாரம் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

தீனியை இரண்டு வேளையாகக் குறையுங்கள். ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு போதும். உறைய வைத்த மைசிஸ் இறால் கொடுப்பதாக இருந்தால் இரண்டு மீனுக்கு ஒரு முழுக் கட்டி மிக அதிகம். கால் பங்கு வெட்டி, ஒரு கிண்ணம் தொட்டி நீரில் கரைத்து, தேநீர் வடிகட்டியில் வடித்து, கலங்கிய நீரைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் போடுங்கள். அந்த நீரில் இருப்பதும் பாசிக்குத் தீனிதான். காளானுக்கும் பட்டனுக்கும் தனியாக எதுவும் ஊட்ட வேண்டியதில்லை. ஹேமருக்கு வாரம் ஒருமுறை, வெள்ளை விளக்கு அணைந்த பிறகு, பம்பை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று மைசிஸை அதன் விரல்களின்மேல் பிப்பெட்டால் விடுங்கள். பத்து நிமிடத்தில் பம்பை மறக்காமல் போட்டுவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும்.

பாசிக்கொல்லியால் சாகும் பாசி அழுகி, ஆக்சிஜனைக் குடித்து, தன் சத்தை நீருக்கே திருப்பித் தந்துவிடும். அதற்குப் பதில் கையால் பிடுங்கி, வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். பட்டன் பவளத்தில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தேய்க்கவே கூடாது. காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் நைட்ரேட், பாஸ்பேட் சோதனைப் பெட்டிகளை வாங்குங்கள், காலாவதித் தேதியைப் பார்த்து. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருந்தால் நல்லது. பூஜ்ஜியத்துக்கு இறக்கினால் பவளம் பட்டினி கிடக்கும். பாசி சில வாரங்களில் மெல்லத்தான் அடங்கும், அதற்குள் மனம் தளர்ந்து கடைக்கு ஓடாதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம். தானியங்கித் தீனிப் பெட்டி வாங்கலாமா?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: நன்றாக வளர்ந்த கோமாளி மீன் ஐந்து நாள் தீனியில்லாமல் தாங்கும். நம் ஈரக்காற்றில் பெட்டிக்குள் தீனி கட்டிபிடித்து, ஒரு நாள் ஒன்றுமே விழாமல் மறுநாள் மொத்தமாக விழும். ஆபத்து நீர் குறைவதில்தான். ஆவியாவது நன்னீர் மட்டும், உப்பு தங்கிவிடும், அதனால் உப்புச் செறிவு ஏறும். அந்தக் காசைத் தானாக நன்னீர் நிரப்பும் கருவிக்குச் செலவிடுங்கள். அதில் குழாய் நீரை ஊற்ற வேண்டாம், ஆர்ஓ முறையில் வடிகட்டிய நீர் ஊற்றுங்கள். கடை வாசல் இயந்திரத்தில் பிடித்தால் நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் ஒருமுறை அளந்து பாருங்கள், எண் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

கேள்வி: வாங்கிய இரண்டே மாதத்தில் தொட்டி விளக்கு அணைந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கைவிரிக்கிறார்.
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அந்த வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம். ரசீதில் ஒரு வரி அச்சடித்து அதை நீக்கிவிட முடியாது. பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ரசீது, பெட்டி, விளக்கு எரியாததைக் காட்டும் காணொளி, கடைக்காரருடன் பரிமாறிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை மட்டும் நீங்களே திறந்து பார்க்காதீர்கள், உப்புநீர் உள்ளே போனதே காரணம் என்று கடைக்காரர் சொல்ல அது வாய்ப்பாகிவிடும்.