ஒற்றை யானைக்குத் துணை எதற்கு?

கேள்வி: ஆண் யானை காட்டிலேயே தனியாகத்தான் திரிகிறது, ‘ஒற்றை யானை’ என்ற சொல்லே நம்மிடம் உண்டு. வேளாவேளைக்குத் தீனியும், மருத்துவமும், அன்பான பாகனும் இருக்கும்போது, ஓர் ஆண் யானையைத் தனியாக வளர்ப்பதைக் கொடுமை என்பது மிகையல்லவா?

பதில்: மிகையே இல்லை. ‘ஒற்றை யானை’ என்பது தூரத்திலிருந்து பார்த்து நாம் வைத்த பெயர். காட்டில் அந்த யானை, நம் காதுக்கு எட்டாமல் கிலோமீட்டர் கணக்கில் பரவும் தாழ்ந்த ஒலியாலும், வழியில் கிடக்கும் சாணம், சிறுநீர் ஆகியவற்றின் வாசனையாலும் சுற்றியுள்ள யானைகளை அறிந்தபடியே நடக்கிறது. மூத்த ஆண் யானைகளோடு சேர்ந்து மேய்கிறது. விரும்பினால் விலகுகிறது, விரும்பினால் திரும்பி வருகிறது. கொட்டடியில் நிற்கும் யானைக்குத் திரும்பிப் போக யார் இருக்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் பூங்காவில், பெரிய யானைகள் இல்லாமல் வளர்ந்த இளம் ஆண் யானைகள் 1990-களில் 40-க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. உரிய வயதுக்கு முன்பே அவற்றுக்கு மதம் பிடித்திருந்தது. 1998-ல் மூத்த ஆண் யானைகள் ஆறைக் கொண்டுவந்து விட்ட பிறகு, இளசுகளின் மதம் தணிந்தது, கொலைகளும் நின்றன. ஆண் யானைக்கு உறவே வேண்டாம் என்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் சொல்வார்கள்?

பாகனின் அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். யானையோ ஒரு நாளில் சில மணி நேரமே உறங்கும் விலங்கு. மீதி இரவு முழுவதும் அது விழித்தே நிற்கிறது. 1985-ல் இலங்கையிலிருந்து குட்டியாக இஸ்லாமாபாத் உயிரியல் பூங்காவுக்கு வந்த காவன் என்ற ஆண் யானை, 2012-ல் துணை யானை சஹேலி இறந்தபின் எட்டு ஆண்டுகள் தனித்திருந்து, மணிக்கணக்கில் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் அதை விளையாட்டு என்று எண்ணியிருக்கலாம்; அது நெடுநாள் அடைபட்ட மனத்தின் நோய். நீதிமன்ற உத்தரவின்படி 2020 நவம்பர் இறுதியில் கம்போடியா சென்ற காவன், அங்கே துதிக்கை நீட்டி இன்னொரு யானையின் துதிக்கையைத் தொட்டது.

பல ஆண்டுகள் தனித்திருந்த யானை புதிய துணையை உடனே ஏற்றுக்கொள்ளாமல் முட்டக்கூடும் என்பதும் உண்மை. வலுவான வேலிக்கு இருபுறமும் நிறுத்தி, வாசனையும் குரலும் பழகும்வரை வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். பயணத்தைத் தாங்காத முதிய யானையை அலைக்கழிக்காமல், பொறுமையான துணையை அதனிடமே கொண்டுவரலாம். அந்தத் துணைக்காகக் காட்டிலிருந்து ஒரு குட்டியைப் பிடித்து வருவதை மட்டும் யாரும் பரிகாரம் என்று சொல்ல வேண்டாம்.