தோட்டக் கேள்விகள்: டீ ரோஸ்ல வாசனை எங்க போச்சு?

கேள்வி: அக்கா, நர்சரில டீ ரோஸ்னு சொல்லிதான் குடுத்தாங்க. பூ நல்லா பெருசாத்தான் பூக்குது, ஆனா மூக்க உள்ள விட்டு மோந்தாலும் ஒண்ணுமே இல்ல. என்ன உரம் போட்டா வாசனை வரும்?

பதில்: எந்த உரம் போட்டாலும் வராதுங்க. வாசனைங்கறது ரகத்துலயே இருக்கணும், இல்லாத ரகத்துக்கு நீங்க மூட்டை மூட்டையா போட்டாலும் இலைதான் தளதளன்னு வரும். உங்ககிட்ட இருக்கறது அநேகமா ஹைபிரிட் டீ, அதாவது பழைய டீ ரோஸோட வேற ரோஜாவ கலந்து உருவாக்குன கலப்பு ரகம். நீளமான காம்பு, காம்புக்கு ஒரு பூ, விறைப்பா நிமிந்து நிக்கும், பூக்கடைல பாக்கறதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். வெட்டி அனுப்புற பூவுக்குன்னு உருவாக்கும்போது பல நாள் வாடக்கூடாது, பெட்டில அடுக்குனா நசுங்கக்கூடாதுன்னுதான் பாத்துப் பாத்து எடுத்தாங்க, வாசனைய கண்டுக்காம விட்டதுல அது காணாமலே போயிடுச்சு.

பழைய டீ ரோஸ் வேற செடி. சீனாவுலேருந்து 1809லயும் 1824லயும் இங்கிலாந்துக்குப் போன ரெண்டு செடிலேருந்து வந்த வம்சம், காஞ்ச தேயிலைய மோந்தா வருமே அந்த மாதிரி ஒரு மெல்லிசு வாசனை. அதுக்கு முக்கியக் காரணம் 3,5-டைமெத்தாக்சி டொலுயீன்னு இதழ்லேருந்து ஆவியாகுற ஒரு பொருள். லேடி ஹில்லிங்டன் (1910), டச்சஸ் டி பிரபான்ட் (1857) ரெண்டும் இந்த வம்சம், கிடைச்சா யோசிக்காம வாங்குங்க. அதுக்காக ஹைபிரிட் டீ எல்லாமே மோசம்னு இல்ல, பாப்பா மெய்லாண்ட், மிஸ்டர் லிங்கன், டபுள் டிலைட் மூணும் பக்கத்துல போனாலே கமகமன்னு இருக்கும். ஆனா அது தேயிலை வாசனை கிடையாது, முதல் ரெண்டும் நல்ல அழுத்தமான பன்னீர் ரோஜா பக்கம் போற வாசனை, டபுள் டிலைட்ல மசாலா கலந்த மாதிரி வாசனை.

இன்னொண்ணு, மோந்து பாக்கற நேரமும் முக்கியம். காலைல இளவெயில் பட்டு பூ பாதி விரிஞ்சிருக்கும்போது பாருங்க. குளிர் நாள்லயும் மொட்டா இருக்கும்போதும் வாசனை அவ்வளவா வெளிய வராது, உச்சி வெயில் காஞ்சா இருக்கறதும் பறந்துடும்.

கேள்வி: டீ போட்ட தூள வேர்ல கொட்டுனா டீ ரோஸுக்கு வாசனை கூடுமாமே?

பதில்: பேர் பொருத்தம் பாத்து யாரோ கெளப்பி விட்டது! பால், சர்க்கரை சேராத தூளா இருந்தா மக்க வச்சு போடுங்க, தப்பில்ல. சர்க்கரையோட போட்டா எறும்புதான் வரும்.

கேள்வி: கவாத்து பண்ணும்போது முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொல்றாங்க, வெட்டலாமா? பூ வேற தலைய தொங்கப் போட்டுக்கிட்டே இருக்கு, நோயா?

பதில்: ஹைபிரிட் டீன்னா தைரியமா வெட்டலாம், தாங்கும். பழைய டீ ரோஸ்ல மட்டும் அந்த வேலை வேண்டவே வேண்டாம். அது பழைய கிளையிலதான் சத்த சேத்து வச்சிருக்கும், மொத்தமா வெட்டிட்டா மறுபடி கிளம்பவே மாசக்கணக்குல திணறும், சில செடி போயே போயிடும். காஞ்ச குச்சி, ஒண்ணோட ஒண்ணு உரசுற கிளை, வாடுன பூ இதை மட்டும் எடுத்துட்டு விட்டுருங்க, பெரிய புதராத்தான் வளரும், அதுக்குத் தகுந்த எடம் விட்டு நடுங்க. தலை தொங்கறது நோயில்ல, பூக்காம்பு மெல்லிசு, பூ கனம், அவ்வளவுதான். கொஞ்சம் மேடான எடத்துல வச்சா கீழேருந்து பூவோட முகம் தெரியும்.

கேள்வி: இலையில கருப்பு வட்டம் வந்து மஞ்சளாகி உதிருது.

பதில்: கரும்புள்ளி நோய், பூஞ்சை. இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் போல ஈரமா இருந்தா போதும், ஒட்டிக்கும். அதனால தண்ணிய காலைல வேர்ல மட்டும் ஊத்துங்க, சாயங்காலம் இலை மேல தெளிச்சு விளையாடாதீங்க. உதிந்த இலைய பொறுக்கி தூரப் போடுங்க, மக்க வைக்கிற குழியிலயும் வேண்டாம். ஆறு மணி நேரம் வெயிலும் காத்தோட்டமும் இருந்தா பாதி தொல்லை குறையும்.

கேள்வி: அடியிலேருந்து ஒரே ஒரு குச்சி மட்டும் வேகமா நீளமா போகுது, இலையும் வேற மாதிரி இருக்கு. நல்லதா?

பதில்: ஒட்டு போட்ட எடத்துக்குக் கீழேருந்து வருதான்னு பாருங்க. கீழேருந்துன்னா அது வேர்ச்செடியோட (நல்ல ரகத்த ஒட்டுறதுக்கு அடியில வச்ச வேற ரோஜா) தளிர், விட்டா மேல இருக்கற நல்ல ரகத்தையே அமுக்கிடும். கத்திரியால வெட்டுனா திரும்பத் துளுக்கும், மண்ண கொஞ்சம் விலக்கி அது கிளம்புற எடத்தோட பிச்சு எடுத்துடுங்க. ஒட்டுக்கு மேலேருந்து வந்தா தொடாதீங்க, அது புதுக்கிளை, அதுலதான் அடுத்த பூ.