மூன்று நோடும் (சர்வரும்) ஓடுகிறது, ஆனால் அவை சேர்ந்து நடத்துகிற டேட்டாபேஸ் கிளஸ்டர் பதில் சொல்லாமல் நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்யலாமா?

முதல்ல கீபோர்டிலிருந்து கையை எடுங்க.

நீங்க வச்சிருப்பது மரியாடிபி கலேரா, அதாவது எல்லா சர்வரிலும் ஒரே டேட்டாவை ஒத்து வைக்கிற டேட்டாபேஸ், என்று நானே முடிவு பண்ணிக்கிறேன். கசாண்ட்ரா, மோங்கோ என்று வேற டேட்டாபேஸ் வச்சிருக்கிற ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம், அந்த வியாதிகளுக்கு வைத்தியம் வேற. நான் சொல்லப்போவது நான் செய்த தப்பு.

2019 ஏப்ரல் 18. மதுரைக்காரங்களுக்கு அந்தத் தேதி மறக்காது. மீனாட்சி தேர், நாடாளுமன்றத் தேர்தல், அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை, மூன்றும் ஒரே நாளில். திருவிழாவுக்காக ராத்திரி எட்டு மணி வரை ஓட்டுப்பதிவு நடந்தது. ஆபீஸ் லீவு. நான் புதூரில் வீட்டில் இருந்தேன், விரலில் மை காய்ந்திருந்தது, வாசலில் கூட்டம். நாங்க ஓட்டல்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிற சின்ன கம்பெனி. மூன்று சர்வரும் எங்க ஆபீஸ் அறையிலேயே ஒரு ரேக்கில். கிளவுடுக்குப் போயிருக்கலாமே என்று யாராவது கேட்பீங்க. அந்த மாச வாடகையை நீங்க கட்டுங்க, நாளைக்கே போறேன்.

ஒன்பதரைக்கு தல்லாகுளம் பக்கத்துக் கடை முதலாளி போன். "தம்பி, அம்பது பேரு கை கழுவிட்டு நிக்கிறான். மெனு வருது, டேபிள் வருது, பில்லு போட்டா மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு!"

அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆனாலும் நோயை அவர்தான் சரியாகச் சொன்னார். படிக்க முடிகிறது, எழுதினால் தொங்குகிறது. எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

கூட்டத்தில் மொபைல் சிக்னல் வேற செத்துப்போச்சு. ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப், நாலு எழுத்து அடிச்சா ரெண்டு எழுத்து போகும். ஒன்றாம் நோடில் பார்த்தேன்: கிளஸ்டர் பிரைமரி (வேலை செய்கிற நிலை), சைஸ் 3, சிங்க்டு (மற்றதோடு ஒத்துப்போகிறது). எல்லாம் பச்சை. கனெக்‌ஷன் மட்டும் நிரம்பி வழியுது. ஸ்டாப் கொடுத்தேன், நிற்கவில்லை. கில் மைனஸ் ஒன்பது, அதாவது வலுக்கட்டாயமாகக் கொல்கிற கட்டளை, கொடுத்தேன். ரெண்டாம் நோடும் அதே மாதிரி திணறியது, அதுக்கும் அதே.

ஒழுங்காக ஷட்டவுன் செய்தால், போகிற நோடு சொல்லிவிட்டுப் போகும், மிச்சம் இருப்பவை கணக்கைத் திருத்திக்கொள்ளும். கில் செய்தால் சொல்லாமல் ஓடிப்போன மாதிரி. மூன்றில் ஒன்று போனால் ரெண்டு பேர் மெஜாரிட்டி. அந்த ரெண்டில் ஒன்றும் போனால் மிச்சம் இருப்பது சரிபாதி. பாதி என்பது மெஜாரிட்டி இல்லை. மூன்றாம் நோடு நான்-பிரைமரிக்கு, அதாவது வேலை செய்ய மறுக்கிற நிலைக்குப் போய், டேட்டா கேட்டு எந்தக் குவெரி கொடுத்தாலும் எர்ரர் 1047 என்று கதவைச் சாத்திவிட்டது. அதுவரை மெனுவாவது வந்துகொண்டிருந்தது, அதையும் நிறுத்தினேன்.

உண்மையில் நடந்தது இது. ஊரில் பந்தியில் உட்கார்ந்தால் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவங்க எழுந்திருக்க மாட்டாங்க இல்லையா, கலேராவும் அப்படித்தான். ஒரு நோடு எழுத முடியாமல் பின்தங்கினால் "கொஞ்சம் நில்லுங்க" என்று எல்லாருக்கும் சொல்லும். அதுக்குப் பேர் ஃப்ளோ கன்ட்ரோல். எங்க மூன்றாம் நோடில் டிஸ்க்குகளை நிர்வகிக்கிற ரெய்டு கார்டில், அதன் கேஷை (தற்காலிக மெமரியை) காக்கிற பேட்டரி செத்திருந்தது. அது செத்தால் கார்டு கேஷை நம்பாமல் ஒவ்வொரு எழுத்தையும் நேராக டிஸ்க்குக்கு அனுப்பும். அந்த ஒரு டிஸ்க் திணற, மற்ற ரெண்டு சர்வரும் இலையை மடித்து வைத்துக் காத்திருந்தன.

நான் ஆரோக்கியமான ரெண்டையும் கொன்றுவிட்டு நோயாளியை மட்டும் உயிரோடு விட்டிருக்கிறேன். சிரிங்க, பரவாயில்லை. அதையே முதல் ஆளாக வைத்து கிளஸ்டரைப் புதிதாகத் தொடங்கி (பூட்ஸ்டிராப்) மற்ற ரெண்டையும் சேர்த்தால், அவை டேட்டாவின் முழு நகல்தான் வேணும் என்று அடம். அந்த நத்தை டிஸ்க்கிலிருந்து நகல் ஏறி முடிய விடிந்துவிட்டது. டிவியில் அழகர் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்.

நீங்க பார்க்க வேண்டியது: டேட்டாபேஸின் நிலையைக் காட்டுகிற ஷோ ஸ்டேட்டஸ் கட்டளையில் ஃப்ளோ கன்ட்ரோல் பாஸ்டு என்ற எண். கடைசியாக ஃப்ளஷ் ஸ்டேட்டஸ் கொடுத்து எண்ணை அழித்ததிலிருந்து எவ்வளவு பங்கு நேரம் நின்றிருக்கிறது என்ற கணக்கு அது, 1-ஐ நெருங்கினால் முழுசாக நிற்கிறது. பிறகு ஒவ்வொரு நோடிலும் ரிசீவ் க்யூ, அதாவது வந்து எழுதக் காத்திருக்கும் வரிசை, பாருங்க. எங்கே நீளமோ அதுதான் ஆள். அங்கே ஐயோஸ்டாட் கட்டளை போட்டு டிஸ்க் ஒவ்வொரு எழுத்துக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்க. அந்த நோடில் டீசிங்க் என்ற செட்டிங்கை ஆன் செய்தால், பின்தங்கினாலும் மற்றதை அது தடுக்காது, இல்லையென்றால் அதை மட்டும் முறையாக நிறுத்துங்க, ரெண்டு நோடில் கடை ஓடும். யாராவது டேட்டாபேஸில் பெரிய டேபிளின் அமைப்பை மாற்றுகிற ஆல்டர் கட்டளை போட்டிருக்காங்களா என்றும் கேளுங்க, அதுவும் மொத்தக் கிளஸ்டரையும் நிறுத்தும்.

அந்த பேட்டரியை மாற்றச் சொல்லி ஜனவரியிலேயே மெயில் போட்டிருந்தேன். "அப்புறம் பார்க்கலாம்" என்று கம்பெனியிலிருந்து பதில். அந்த வருஷ இன்க்ரிமென்ட்டுக்கும் அதே வாய்தான்: "உங்களுக்கென்ன சார், சொந்த ஊர், சொந்த வீடு." சென்னையில் இருப்பவனுக்கு என் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு. எங்க வீட்டுக்கு லோன் நான் கட்டுகிறேன், மீனாட்சியா கட்டுகிறாள்?

மறுநாள் தல்லாகுளம் கடை முதலாளி கோபப்படவில்லை. ராத்திரி சீட்டில் எழுதிய பில்லையெல்லாம் ஒரு கேரி பேக்கில் போட்டுக் கொடுத்து, "நீயே ஏத்திரு தம்பி" என்றார். கேஷ் கவுண்ட்டர் ஓரம் உட்கார்ந்து ஏற்றினேன். பாதிச் சீட்டில் சால்னா எண்ணெய், 120-ஆ 720-ஆ என்று சப்ளையரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.